சேலைக்குப் பின்னால் இருந்த லயம்

என்னைப் போன்ற ஒருத்தி எழுத வருவது அதிகப்பிரசங்கித்தனமாகத் தெரிந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். பதினோராம் வகுப்பு, சாதாரண தரப் பரீட்சை வரைதான் படித்தேன். நாலு பேர் இருக்கும் இடத்தில் பேசவே கூச்சப்படுவேன். ஆனாலும் இந்த ஒரு வேலையைச் செய்தது நான்தான், ஆகவே நானே சொல்கிறேன்.

இரண்டாயிரமாம் ஆண்டு பிறந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. இலங்கை மலைநாட்டில், பதுளையில் ஒரு போட்டோ ஸ்டூடியோவில் வேலை செய்தேன். கல்யாண வீடியோவும் எடுக்கும் கடை அது. முதலாளி கம்ப்யூட்டர் வாங்கிய பிறகு, பழைய படங்களை ஸ்கேன் செய்து, முகத்திலுள்ள புள்ளிகளை எடுத்து, மங்கியதைத் துலக்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. பேசத் தேவையில்லாத வேலை. அதனாலேயே பிடித்துப்போனது.

ஒருநாள் ஸ்பிரிங்வெளிப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றிலிருந்து வாத்தியார் ஒருவர் வந்தார். தோட்டத்து இளைஞர்களை வைத்து அவர் வீடியோ நாடகம் ஒன்று எடுத்துக்கொண்டிருந்தார். கடைசிக் காட்சியில் ஒரு குடும்பம் மூட்டை முடிச்சோடு ரோட்டில் நடந்து போகும். அவர்களுக்குப் பின்னால், மலையில், அவர்கள் விட்டுவந்த மேட்டு லயம், ஒரே கூரையின் கீழ் வரிசையாக இருக்கும் தொழிலாளர் வீடுகள், தெரிய வேண்டும். ஆனால் அந்த லயம் அப்போது இல்லை. மலையில் வெடிப்பு கண்டதால் சனங்களைக் கீழே இறக்கிவிட்டு, தகரம், கல் எல்லாவற்றையும் கழற்றியிருந்தார்கள். நாடகத்தைப் பார்க்கப்போவதும் அந்தச் சனங்கள்தான். வேறு லயத்தைக் காட்டி எங்களுடையது என்று சொன்னால் எழுந்து போய்விடுவோம் என்று வாத்தியாரிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டார்களாம்.

முதலாளி, நாங்கள் படம் எடுக்கும்போது பின்னால் தொங்கவிடும் திரையைக் காட்டினார். அதில் எல்ல என்ற ஊரின் மலையும் நீர்வீழ்ச்சியும் வரைந்திருக்கும்.

"இத வச்சி முடிங்க சேர். தோட்டம்னா எல்லாம் ஒன்னுதானே. பச்சையா இருந்தா போதும்."

"நான் செய்றேங்க," என்றேன்.

இரண்டு பேரும் திரும்பிப் பார்த்தார்கள். நானாக வாய் திறந்தது அவர்களுக்குப் புதிது. எனக்கும்தான். ஆனால் நானும் லயத்தில் பிறந்தவள். எல்லாம் ஒன்று என்ற சொல் எங்கோ குத்திவிட்டது.

செய்யும் விதம் எனக்குத் தெரிந்திருந்தது. கமராவை ஸ்டாண்டில் அசையாமல் நிறுத்தி ரோட்டில் நடப்பவர்களை எடுக்க வேண்டும். வீடியோவின் கீழ்ப்பாதி அப்படியே இருக்கும். மேல்பாதியில், பல போட்டோக்களை வெட்டி ஒட்டிக் கம்ப்யூட்டரில் செய்த மலையையும் லயத்தையும் பொருத்திவிட்டால் பார்ப்பவருக்கு ஒரே காட்சியாகத் தெரியும். மேட்டு லயத்தின் போட்டோக்கள் மட்டும் கிடைத்தால் போதும் என்றேன். வாத்தியார் வீடு வீடாகப் போய் ஒரு பை நிறையக் கொண்டுவந்தார்.

பையைக் கொட்டிப் பார்த்தேன். ஒரு படத்திலும் லயம் இல்லை. எல்லாவற்றிலும் சேலைதான் இருந்தது. எங்கள் ஆட்களின் பழக்கம் அது. பொங்கலோ, பிள்ளை பெரியவளான சடங்கோ, படம் எடுக்க ஆள் வந்தால் முதல் வேலையாக நல்ல சேலை ஒன்றை எடுத்து முன்சுவரை மறைத்துக் கட்டிவிடுவார்கள். கரி பிடித்த சுவர் படத்தில் விழக்கூடாது. என் அம்மாவும் அப்படித்தான் கட்டுவார்.

வேறு தோட்டத்து லயம் ஒன்றின் படம் கடையில் இருந்தது. வேறு வழி தெரியாமல் அதிலிருந்து ஒரு காம்பராவை, அதாவது ஒரு குடும்பம் இருக்கும் வீட்டை, வெட்டியெடுத்து, அதையே வரிசையாக ஒட்டி, கூரையைச் சேர்த்தேன். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. மேட்டு லயத்தில் இருந்த அக்கா ஒருவர் ஆஸ்பத்திரிக்கு வந்த வழியில், வாத்தியார் சொன்னதால் கடைக்குள் வந்து பார்த்தார்.

"இதுல எங்க காம்பரா எதும்மா?"

நாலாவதைக் காட்டினேன். அவர் நாலாவதையும் பார்த்தார், ஐந்தாவதையும் பார்த்தார்.

"எல்லா வீட்டுக்கும் ஒரே மாமியாள குடி வச்ச மாதிரில்ல இருக்கு."

முதலாளி சத்தமாகச் சிரித்தார்.  எழுந்து உள்ளே போய்விடலாம் போலிருந்தது. போகவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டேன்.

"உக்காருங்கக்கா. மொதல் காம்பராவுல இருந்து சொல்லுங்க."

சொன்னார். லயத்தைக் கட்டியவர்கள் எல்லாவற்றையும் ஒன்றுபோலக் கட்டியிருந்தாலும், வீட்டு முன் திண்ணையான இஸ்தோப்பை அவரவர் விருப்பப்படி அடைத்திருந்தார்கள். முதல் வீட்டு இஸ்தோப்பில் தார் பீப்பாயைத் தட்டி விரித்த தகரம். அடுத்ததில் நீலப் பலகை. அக்காவின் வீட்டில் அரைச்சுவர், அதன்மேல் பால்மா டின்களில் பூச்செடி. ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டு மறுபடி அந்தப் போட்டோக்களைப் பார்த்தபோதுதான் ஓரங்கள் கண்ணில் பட்டன. சேலை எங்கேயும் முழுதாக மறைக்கவில்லை. ஒரு கல்யாணப் படத்தின் மூலையில் நீலப் பலகை நீட்டிக்கொண்டிருந்தது. இன்னொன்றில் ஒரு பிள்ளையின் தலைக்குமேல் கூரைத் தகரமும் அதை அமுக்கிய கல்லும் தெரிந்தன.

அந்த ஓரங்களை வெட்டியெடுத்துத்தான் லயத்தைத் திரும்பக் கட்டினேன். பலகையில் விரலளவு துண்டு கிடைத்தால் அதை வளர்த்து முழுப் பலகையாக்குவேன். கம்ப்யூட்டர் இடையில் நின்றுவிடும். மறுபடி தொடங்குவேன். ரோட்டுக் காட்சியில் வெயில் இடப்பக்கமிருந்து விழுந்தது. போட்டோக்கள் பலவற்றில் வலப்பக்கம். படத்தை இடம் வலமாகப் புரட்டிப்போட்டால் சுலபம், ஆனால் லயத்தின் ஒரு கோடியில் சனங்கள் தண்ணீர் பிடித்த பீலி மறுகோடிக்குப் போய்விடும். அதனால் இருந்த நிழலை அழித்து, புது நிழலை மவுசால் போட்டேன். நிழலை யார் பார்க்கப்போகிறார்கள் என்று முதலாளி முணுமுணுத்தார். ரோட்டில் நடப்பவர்களின் நிழல் ஒரு பக்கமும் லயத்தின் நிழல் இன்னொரு பக்கமும் விழுந்தால் கண் ஒத்துக்கொள்ளாது. ஆனால் அதை அவருக்கு எடுத்துச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வேலையைத் தொடர்ந்தேன்.

வேலைக்குப் போகிறவர்களின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் டீவி வைத்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் நாடகத்தைப் போட்டார்கள். நான் கதவோரம் நின்றேன். கடைசிக் காட்சி வந்ததும் பேச்சு நின்றுவிட்டது. எழுந்து போகப்போகிறார்கள் என்றே நினைத்தேன். அந்த அக்கா எழுந்தார். டீவிக்குக் கிட்டப் போய் விரலை வைத்தார்.

"இந்தா இருக்கு எங்க காம்பரா."

"கைய எடு புள்ள, எங்க வீடு மறையுது," என்றார் பின்னாலிருந்து ஒரு பெரியவர்.

திரும்பவும் போடச் சொன்னார்கள். பிறகு நிறுத்தி வைக்கச் சொன்னார்கள். நடுங்கிக்கொண்டு நின்ற அந்தப் படத்தில் ஒவ்வொரு வீடாகக் காட்டி, யாருடைய இஸ்தோப்பில் எந்த மழைக்கு ஒழுகியது என்று பேசத் தொடங்கிவிட்டார்கள். நடித்த பையன்கள், தாங்கள் முன்னால் நடந்து போவதை யாருமே பார்க்கவில்லை என்று வாத்தியாரிடம் குறைப்பட்டார்கள்.

மறுநாள் காலை அந்த அக்கா தன் குடும்பத்துப் பொங்கல் படத்தைக் கடைக்குக் கொண்டுவந்து, பின்னால் இருக்கும் சேலையை எடுத்துவிட்டு அரைச்சுவரையும் பூச்செடிகளையும் வைக்கச் சொன்னார். மத்தியான பஸ்ஸுக்கு முன்னால் செய்து கொடுத்தேன்.