அனில்குமார் வீட்டுக்குப் போன முட்டைகள்

இரணியல் ஸ்டேஷன் ரோட்டில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் வைகுண்டராஜனுக்கு அந்த வாரம் முழுக்க வயிறு எரிந்துகொண்டே இருந்தது. அனில்குமார் வீட்டுக்குப் போகிறவர்கள் எல்லாரும் அவன் கடையைத் தாண்டித்தான் போக வேண்டும். ஒருவர் தோளில் நேந்திரம் வாழைக்குலை. இன்னொருவர் கையில் கால் கட்டிய சேவல். கடைப்பக்கம் யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அனில்குமார் அவனோடு ஒரே வகுப்பில் படித்தவன். கிணற்று மோட்டார் பழுதுபார்ப்பது தொழில். முந்தின வாரம் ஒரு கிணற்றில் தூர்வார இறங்கிய சுயம்புராஜ் மூச்சுமுட்டி விழுந்தபோது, தீயணைப்பு வண்டி வருமுன்னே உள்ளே இறங்கியவன் அவன்தான். சுயம்புராஜை வடத்தில் கட்டி மேலே ஏற்றிவிட்டான். தான் ஏறும்போது பாதியில் கை தளர்ந்து விழுந்து, கால் முறிந்துபோனது.

மேலே நின்று வடம் இழுத்தவர்களில் முன்னால் நின்றது வைகுண்டராஜன். உள்ளங்கைத் தோல் உரிந்துபோயிற்று. அதை ஒருவரும் பேசவில்லை. போன வருஷம் டெங்கு வந்து அவன் ஆஸ்பத்திரியில் கிடந்தபோதும் ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. அய்யாவழிக் கோயிலான தாங்கலில் திருநாள் சாப்பாட்டுக்கு வருஷம் தவறாமல் அரிசி கொடுக்கிறவன் அவன்.

கடைக்கு முட்டை கொண்டுவரும் பகவதியம்மாள் அன்று வெறுங்கூடையோடு வந்தாள்.

"முட்டை இல்ல மக்கா. எல்லாத்தையும் அனிலுக்குக் குடுத்தாச்சு."

"ஒடஞ்ச முட்டைக்கும் பைசா கேக்கப்பட்ட ஆளாக்கும் நீங்க. சுயம்பு ஒங்களுக்குச் சொந்தமா சித்தி?"

"இல்ல."

"பின்ன என்னத்துக்கு?"

அவள் கூடையைக் கீழே வைத்தாள். "சுயம்பு உள்ள கெடந்து மொனங்குனத நான் கரையில நின்னு கேட்டுட்டுதான் இருந்தேன். எனக்கு எறங்க முடியாது. முடிஞ்சாலும் எறங்கியிருக்க மாட்டேன். அனில் எறங்குன பொறவுதான் எனக்கு மூச்சே வந்துது. அவன் எனக்கும் சேத்துல்லா எறங்குனான்?"

 வடத்தைத் தான் முந்திக்கொண்டு பிடித்தது ஏன் என்று வைகுண்டராஜனுக்குத் தெரியும். 'நீ எறங்கு' என்று யாரும் சொல்லிவிடக் கூடாதே என்ற பயம்.

சாயங்காலம் ஒரு செந்துளுவன் வாழைக்குலையைத் தூக்கிக்கொண்டு போனான். இதுவரை வந்ததிலேயே பெரிய குலையாகப் பார்த்துத்தான் வாங்கியிருந்தான். அனில் கட்டிலில் கிடந்தான். சுற்றிலும் ஆட்கள்.

"வா மக்கா. கை எப்பிடி இருக்கு?" என்ற அனில், மற்றவர்களைப் பார்த்துச் சொன்னான்: "இவன் வடத்தை விட்டிருந்தா சுயம்பு இன்னைக்கு இல்ல."

எல்லாரும் வைகுண்டராஜனைத் திரும்பிப் பார்த்தார்கள். அந்தப் பார்வைக்குத்தான் அவன் ஒரு வாரமாக ஏங்கியிருந்தான். கிடைத்தபோது இனிக்கவில்லை. தனக்கு வரவேண்டிய நல்ல பேரையும் இவன் கையால்தானா வாங்க வேண்டும் என்று நெஞ்சு கசந்தது. குலையை மூலையில் சாய்த்துவிட்டு, "பரவாயில்லடே" என்று மட்டும் சொன்னான்.

அனிலின் கால் எலும்பு கூடிவிட்டது. லேசாகச் சாய்த்து நடக்கிறான். அடுத்த கோடையில் திங்கள்நகர் பக்கம் ஒரு கிணற்றில் ஆள் விழுந்ததாகச் சொன்னார்கள். அனில் பைக்கை எடுக்க, வைகுண்டராஜன் கடையைப் பாதியில் சாத்திவிட்டுப் பின்னால் ஏறிக்கொண்டான். கூட்டம் "அனில் வந்தாச்சு" என்று வழிவிட்டது. வைகுண்டராஜனுக்கு வயிறு எரிந்தது. எரிச்சலோடேயே கூட்டத்தை விலக்கிக்கொண்டு கிணற்றுக்கரைக்கு நடந்தான்.