லிங்கராஜ் அண்ணாச்சியின் இஷ்டம்

எங்கள் கேம் சென்டரில் பத்தொன்பது மெஷின்கள் இருக்கின்றன. பத்தொன்பதும் ஓடுகிறதென்றால் அதற்கு லிங்கராஜ் அண்ணாச்சி ஒருவர்தான் காரணம். தூத்துக்குடி பாளை ரோட்டில் ஒரு வணிக வளாகத்தின் இரண்டாவது மாடியில் இருக்கிறோம். நான் டோக்கன் கவுண்டரில் உட்கார்ந்திருப்பவள், பெயர் பேச்சி. ஒன்பது வருடமாக அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். என் வீட்டுக்காரர் முகத்தைக்கூட இவ்வளவு நேரம் பார்த்ததில்லை.

காலை பத்து மணிக்கு ஷட்டரைத் தூக்கியதும் ஒவ்வொரு மெஷினிலும் ஒரு டோக்கன் போட்டு ஆடிப் பார்ப்பார். கார் ஓட்டுவார், வளையத்தில் பந்து போடுவார், துளையிலிருந்து எட்டிப் பார்க்கும் முதலைகளைச் சுத்தியலால் அடிப்பார். ஜெயித்தால் மெஷின் விளக்கெல்லாம் போட்டுக் கூத்தாடும். இவர் முகத்தில் ஒரு கோடு அசையாது. ரேஷன் கடை வரிசையில் நிற்பவருக்குக்கூட இதைவிட ஆர்வம் இருக்கும். ஆடி முடித்ததும், வேலை செய்யாததைக் கழற்றி உட்காருவார். கடல் பக்கம் என்பதால் எவ்வளவு ஏசி போட்டாலும் உப்புக்காற்று உள்ளே வந்துவிடுகிறது. பட்டனுக்கு அடியில் இருக்கும் சுவிட்சுகள் மூன்றே மாதத்தில் பச்சை பூத்துவிடும். பழைய டூத் பிரஷை ஸ்பிரிட்டில் தோய்த்துத் தேய்த்துக்கொண்டே இருப்பார். பேசமாட்டார்.

எல்லாவற்றிலும் அதிகம் ஆடப்படுவது பொம்மை மெஷின். கண்ணாடிப் பெட்டிக்குள் பொம்மைகள் குவிந்திருக்கும், மேலே மூன்று விரல் வைத்த கொக்கி தொங்கும். கொக்கியை நகர்த்தி இறக்கினால் அது ஒரு பொம்மையைக் கவ்வித் தூக்கும், பாதி வழியில் நழுவவிட்டுவிடும். கை தப்பிவிட்டதென்று நினைத்து ஜனங்கள் மறுபடி டோக்கன் வாங்குவார்கள். ஆடுகிறவர் கையில் தப்பில்லை. கொக்கியின் பிடி எப்போதும் தளர்வாகத்தான் வைக்கப்பட்டிருக்கிறது. இருபது ஆட்டத்துக்கு ஒருமுறைதான் இறுகும். எத்தனைக்கு ஒருமுறை, எவ்வளவு இறுக்கம் என்பதெல்லாம் உள்ளே ஒரு சின்னப் பெட்டியில் இருக்கிறது. அதன் சாவி அண்ணாச்சியின் இடுப்பில் இருக்கிறது. ஊரில் எல்லோருக்கும் பிடித்த மெஷின், அதற்குத்தான் எதையும் பிடிக்கத் தெரியாது என்று நான் கேலி பேசுவேன். அதற்கும் சிரிக்கமாட்டார்.

அவருக்குச் சொந்த ஊர் விளாத்திகுளம். பெண் எடுத்தது இங்கே தூத்துக்குடி மில்லர்புரத்தில். அந்தப் பெண் பிரேமா பதினோரு வருடம் அவரோடு இருந்துவிட்டு, மகள் அனுஜாவைக் கூட்டிக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள். குடி, அடி, வேறு பெண் என்று எதுவும் கிடையாது. எதைக் கேட்டாலும் அண்ணாச்சி சொல்லும் பதில் ஒன்றுதான், "உன் இஷ்டம்." என்ன குழம்பு வைக்க என்றால் உன் இஷ்டம். பிள்ளையை எந்தப் பள்ளியில் சேர்க்க என்றாலும் உன் இஷ்டம். ஒரு தசரா சமயம் வழக்கம்போல இரண்டு மெஷின்களை வேனில் ஏற்றிக் குலசேகரன்பட்டினத்துக்குப் போயிருந்தார். திருவிழாக் கூட்டத்துக்கு நடுவே பத்து நாள் கடை. இங்கே அனுஜாவுக்குக் காய்ச்சல் கொதிக்கிறது. ஆஸ்பத்திரியில் சேர்க்கட்டுமா என்று பிரேமா போனில் கேட்டாள். அதற்கும் அதே பதில்தான். தன் யோசனையை அவள்மேல் திணிக்கக் கூடாது என்பது அவர் எண்ணமாம். நான் அந்த இடத்தில் இருந்திருந்தால் போனைச் சுவரில் அடித்திருப்பேன்.

பிறகு மில்லர்புரத்தில் பெரியவர்கள் நாலு பேர் உட்கார்ந்து பேசினார்கள். பிரேமாவின் அண்ணன் சிவபாலன் எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, "மாப்ளே, நீரு என்ன சொல்லுதீரு?" என்று கேட்டாராம். அண்ணாச்சி, "அவ இஷ்டம்" என்றார். அடுக்களைக் கதவுக்குப் பின்னால் பிரேமா நின்றுகொண்டிருந்தாள். அவளைக் கட்டாயப்படுத்தக் கூடாது என்றுதான் அப்படிச் சொன்னதாக அண்ணாச்சி பிறகு என்னிடம் சொன்னார். அவள் காதில் விழுந்தது வேறு. போனால் போகட்டும் என்று விழுந்தது. நம் ஊரில் அந்தச் சொல்லுக்கு இரண்டு அர்த்தமும் உண்டு, சொல்கிறவன் முகத்தைப் பார்த்துத்தான் எது என்று தெரியும். இவர் முகத்தைப் பார்த்து யாருக்கு என்ன தெரியும்?

ஞாயிற்றுக்கிழமை நாலிலிருந்து ஐந்து வரை அனுஜா அப்பாவோடு இருக்கலாம் என்று முடிவானது. இந்த ஒரு மணி நேரம் மட்டும்தான் அவருக்கு மிச்சம். பிரேமா பிள்ளையை ஸ்கூட்டரில் கொண்டுவந்து இறக்குவாள், மாடி ஏறமாட்டாள். ஒருநாள் நான் டீ குடிக்கக் கீழே போனபோது என்னிடம் பேச்சுக் கொடுத்தாள். "நான் வீட்ட விட்டு எறங்கின அன்னைக்கு ஒரு வார்த்தை போகாதேன்னு சொல்லியிருந்தா, அங்கனயே நின்னிருப்பேன்க்கா" என்றாள். நான் மேலே வந்து அதை அப்படியே அண்ணாச்சியிடம் சொன்னேன். அவர் ஒரு ஸ்குருவை எடுத்துச் சட்டையில் துடைத்தார்.

மகளுக்காக அவருக்குத் தெரிந்தது ஒன்றுதான். மூன்று ஐம்பத்தைந்துக்குப் பொம்மை மெஷினைத் திறந்து பிடியை முழுசாக இறுக்கி வைப்பார். அனுஜா கொக்கியை எங்கே இறக்கினாலும் ஏதாவது ஒரு பொம்மை வந்து விழும். ஐந்து மணிக்கு அவள் போனதும் பிடியைப் பழையபடி தளர்த்திவிடுவார். இரண்டு வருடத்தில் அந்தப் பிள்ளை எத்தனை கரடி, எத்தனை முயல் தூக்கிப்போனதோ! ஆரம்பத்தில் குதித்தாள். பிறகு பொம்மையை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பேசாமல் நின்றாள். அப்பனைப்போலவே ஆகிவிடுவாளோ என்று எனக்குப் பயமாக இருந்தது.

போன மே மாதம் மூன்றாவது ஞாயிறு. அனுஜா கொஞ்சம் சீக்கிரமே வந்துவிட்டாள். அண்ணாச்சி அப்போதுதான் இடுப்பிலிருந்து சாவியை எடுத்தார்.

"அப்பா, இன்னைக்குத் திறக்காதிய" என்றாள். "நான் ஆடினா மட்டுந்தான் விழுது. எனக்கு எப்பவோ தெரியும்."

அண்ணாச்சி சாவியைத் திரும்பச் செருகிக்கொண்டார். அவள் தன் கைக்காசில் என்னிடம் டோக்கன் வாங்கிக்கொண்டு போய் ஆடினாள். பொம்மை மெஷின் என் கவுண்டருக்குப் பத்தடி தூரத்தில்தான் இருக்கிறது. வரிசையாகத் தோற்றாள். ஒன்பதாவது தடவை நீல நிற ஆக்டோபஸ் ஒன்று முக்கால்வாசி உயரம் வந்து விழுந்தது. "ஐயோ" என்று தலையில் கை வைத்துக்கொண்டு சிரித்தாள். எத்தனையோ பொம்மை ஜெயித்தபோது பார்க்காத சிரிப்பு அது. அண்ணாச்சியும் கண்ணாடியை ஒட்டி நின்று கொக்கியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சிரிப்பு அடங்கியதும் அவள் அவர் பக்கம் திரும்பினாள். "மாமா கோயம்புத்தூர்ல புதுக்கடை போடுதாவ. அம்மாவும் நானும் அங்கயே போறதா இருக்கோம். போகட்டுமாப்பா?"

டோக்கனுக்கு நீட்டிய ஒருவரின் நூறு ரூபாய் நோட்டு என் கையில் அப்படியே இருந்தது. அந்தப் பாழாய்ப்போன வார்த்தை அவர் உதட்டுக்கு வந்துவிட்டது எனக்குத் தெரிந்தது. அதை மட்டும் சொல்லட்டும், டோக்கன் டப்பாவைத் தலையில் கவிழ்க்கிறேன் என்று இருந்தேன். அவர் ஸ்குரு டிரைவரைப் பாக்கெட்டில் போட்டார். திரும்ப எடுத்தார்.

"வேண்டாம்ளா. போகாத" என்றார்.

அனுஜா அவரை நிமிர்ந்து பார்த்தாள். அவள் கண் நிறைந்துவிட்டது, ஆனால் குரல் மாறவில்லை. "அங்க வீட்டுக்கு அட்வான்ஸ் குடுத்தாச்சுப்பா. இங்க டி.சி.யும் வாங்கியாச்சு. புதன்கிழமை காலைல பஸ். நீங்க சொல்லுவியளான்னு கேட்டுப் பாத்தேன்."

அவர் தலையாட்டினார். ஐந்து மணி ஆனதும் அவள் மீதி டோக்கன்களை என் மேசையில் வைத்துவிட்டு இறங்கிப் போனாள். அண்ணாச்சி பந்து மெஷினுக்கு அடியில் மல்லாந்து படுத்து வேலையை ஆரம்பித்துவிட்டார்.

நான் ஜன்னலுக்கு ஓடினேன். கீழே அனுஜா அம்மாவிடம் ஏதோ சொன்னாள். பிரேமா ஸ்கூட்டரை அணைத்தாள். ஹெல்மெட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு இரண்டாவது மாடியை அண்ணாந்து பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். "அண்ணாச்சி, அவ மேல பாத்துக்கிட்டு நிக்கா. போய் அவட்டயும் ஒரு வார்த்தை சொல்லுங்க" என்று நான் தொண்டை கிழியக் கூப்பிட்டேன். மெஷினுக்கு அடியிலிருந்து, "சொல்லியாச்சே பேச்சி" என்று பதில் வந்தது. நான் போய் அவர் காலைப் பிடித்து இழுக்கப் பார்த்தேன். அதற்குள் ஸ்கூட்டர் கிளம்பும் சத்தம் கேட்டது.

அவர் வெளியே வந்து உட்கார்ந்தார். "நெஞ்சுக்குள்ள ஏதாவது வரும்னு பாக்கேன். ஒண்ணும் வரமாட்டேங்கு" என்றார்.

புதன்கிழமை முதல் தடவையாக அரைநாள் லீவு கேட்டார். பஸ் ஸ்டாண்டுக்குப் போயிருக்கிறார் என்று தெரியும். மத்தியானம் வந்து, சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, காக்கியைப் போட்டுக்கொண்டார். பார்த்தீர்களா என்று நானாகத்தான் கேட்டேன்.

"பாத்தேன். ஜன்னல் சீட்டு. பஸ் திரும்பும்போது கைய ஆட்டினா."

"நீங்க ஆட்டுனியளா?"

வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஆட்டியிருப்பேன்னுதான் நெனைக்கேன்" என்றார்.