நீலம் மினுங்கிய வால்வு

போன மாதம் செஞ்சியில் ஒரு கல்யாண மண்டபத்தில் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவ மேடைக்குப் பின்பக்கம் போனேன். கச்சேரிக்கு வந்த ஒருவர் கிதாரைச் சுவரில் சாய்த்து வைத்திருந்தார். அதன் ஒயர் போய்ச் சேர்ந்த பெட்டி ஒரு கைப்பெட்டி அளவுதான். யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து, குனிந்து அதன் முதுகில் மூக்கை வைத்து முகர்ந்தேன். பந்தி பரிமாறுகிற ஆள் பார்த்துவிட்டான். "இன்னா பெரியவரே, அதுக்குள்ள பாயசம் இல்ல" என்றான்.

பாயசம் இல்லாவிட்டால் போகட்டும், வாசனையே இல்லை. ஆம்பிளிஃபயர் என்றால் வாசனை வேண்டாமா? வால்வு சூடேறி, அதன்மேல் படிந்த தூசி தீய்கிற வாசனை; வெறுஞ்சட்டியை அடுப்பில் மறந்துவிட்ட மாதிரி. இதைச் சொல்ல எனக்கு உரிமை உண்டு. செஞ்சிக் கோட்டையைக் கட்டினது யார் என்று ஆளுக்கொரு கதை சொல்வார்கள். செஞ்சியில் முதல் ஆம்பிளிஃபயரைக் கட்டினது யார் என்றால் ஒரே கதைதான். நான். மறுத்துப் பேசுகிறவன் இருந்தால் என்னிடம் அனுப்புங்கள். அஞ்சாங்கிளாஸில் பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன், எனக்கு என்ன பயம்?

யுத்தம் முடிந்த சமயம். ஊருக்கு வெளியே ஒரு டூரிங் சினிமாக் கொட்டகை. கரண்ட் எடுக்கிற இஞ்சினுக்கு எண்ணெய் ஊற்றுகிறவனாக அதில் சேர்ந்து, யாரும் சொல்லித்தராமல் ஆபரேட்டர் ஆனவன் நான். டிக்கெட் வரிசைக்குள் புகுந்து ஒரு நாள் சாயங்காலம் சவரிமுத்து வந்தார். பக்கத்துக் கிராமத்து வேதக்காரர், கிறிஸ்தவர். பட்டாளத்தில் பர்மா வரைக்கும் போய், குண்டு பக்கத்தில் வெடித்து, இரண்டு காதும் போய்த் திரும்பியவர். முகாமில் ஒரு சட்டைக்கார, அதாவது ஆங்கிலோ இந்திய, சிப்பாயிடம் கற்றுக்கொண்டு, ஒரு கிதாரையும் கொண்டு வந்திருந்தார். மடியில் படுக்க வைத்து, இரும்புத் துண்டால் கம்பியைத் தேய்த்து வாசிக்கிற ஜாதி. தன் குரல் தனக்கே கேட்காததால், ரகசியத்தைக்கூடக் கத்தித்தான் சொல்வார்.

"தம்பி! நீ சத்தத்தப் பெருசாக்கற ஆளாமே! எனக்கு ஒரு பெருஞ்சத்தம் பண்ணிக் குடு!"

"உன் சத்தமே தொண்டூர் தாண்டிப் போவுது சவரி, இன்னும் எதுக்கு?" என்றது வரிசை. எல்லோரும் சிரித்தார்கள். சிரிக்கிறார்கள் என்று கண்டு அவரும் சிரித்தார். பிறகு பின்னால் நின்ற ஒரு சின்னப் பெண்ணை முன்னால் இழுத்து நிறுத்தினார்.

"நான் பர்மாவுல இருக்கச் சொல்ல பொறந்தா. லூர்து. இவ கொரலு எப்டி இருக்கும்னு எனக்குத் தெரியாது தம்பி. கிதாரு கேட்டுச்சின்னா இவளும் கேப்பா இல்ல?"

நான் மார்பில் தட்டிக் காட்டினேன். அந்தக் காலத்தில் நான் மார்பில் தட்டாத நாள் கிடையாது.

மெட்ராஸ் மூர் மார்க்கெட்டில் பட்டாளத்துக் கழிவுச் சாமான் குவிந்து கிடந்தது. வால்வு என்றால் குண்டு பல்பு மாதிரிக் கண்ணாடிக் குடுவை. உள்ளே கம்பி சிவந்து கனியும். சில வால்வுகளும், காதில் மாட்டுகிற ஹெட்போன் ஒன்றும் வாங்கி வந்தேன். பிஸ்கட் டின்னை வெட்டி மடித்து அடித்தளம். பற்றவைக்க ஈயம், குங்கிலியம். அந்தப் புகை எழும்போதெல்லாம் சவரிமுத்து மூக்கை உயர்த்தி, "பூச வாசன வருது" என்று சிலுவை போட்டுக்கொள்வார்.

ஹெட்போனுக்கு இரண்டு காது அல்லவா? ஒரு காதின் மூடித் தகட்டைக் கழற்றிவிட்டு, காந்தமும் சுருளுமாகக் கிதார்க் கம்பிக்கு அடியில் கட்டினேன். கம்பி அசைந்தால் அது பிடித்து அனுப்பும். பிக்கப் என்பார்கள். இன்னொரு காதை அப்படியே விட்டேன். அதற்குள் பேசினால் மைக் மாதிரி வேலை செய்யும். எங்கே படித்தாய் என்று கேட்காதீர்கள். பிய்த்துப் பார்த்தேன், தெரிந்தது.

முதலாளி ஒருவர்தான் முறுக்கிக்கொண்டார். "ஏண்டா, செவிடன் காதுல சங்கு ஊதறதுக்கு என் இஞ்சின் எண்ணெயா?"

"ஊதிப் பாக்கலாம் முதலாளி" என்றேன்.

ஊதினேன். கொட்டகைமேல் இருந்த ஸ்பீக்கர்க் குழாயை இறக்கி, சவரிமுத்து காதருகே வைத்து, கிதாரைத் தட்டச் சைகை காட்டினேன். கோட்டை மலையான ராஜகிரியின் சரிவில் ஆடு மேய்த்தவர்கள் திடுக்கிட்டு எழுந்தார்களாம். சவரிமுத்து குழாய்மேல் கையை வைத்துப் பார்த்தார்.

"நடுங்குது தம்பி. கட்ட வண்டி ஏறினாலும் இப்டித்தான் நடுங்குது."

அவ்வளவுதான். மலைக்குக் கேட்டது, மனிதருக்குக் கேட்கவில்லை. குழாயை மறுபடி மேலே ஏற்றினேன். மார்பில் தட்டின கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. அவர் மட்டும் ஆம்பிளிஃபயர் இருந்த இருட்டு கேபினுக்குள் கிதாரோடு உட்கார்ந்திருந்தார். திடீரென்று கத்தினார்.

"தம்பி! இங்க வா! இது இன்னா?"

பெரிய வால்வைக் காட்டினார். கம்பியைத் தட்டினார். கண்ணாடியின் உட்புறத்தில் ஒரு நீலம் பளிச்சென்று எழுந்து துடித்தது. கம்பியின் அதிர்வு அடங்க அடங்க நீலமும் தணிந்தது. மெதுவாகத் தட்டினால் மெதுவான நீலம். ஓங்கித் தட்டினால் ஓங்கின நீலம். சில வால்வுக்கு அந்தக் குணம் உண்டு. அதுநாள் வரை நான் அதைக் கவனித்ததே இல்லை.

லூர்துவைக் கூப்பிட்டு ஹெட்போனின் மறுகாதை அவள் வாயருகே பிடித்தேன். "நைனாவக் கூப்புடு பாப்பா."

"நைனா" என்றாள்.

நீலம் இரண்டு தடவை மினுங்கியது.

சவரிமுத்து கண்ணாடிக்கு அருகே முகத்தைக் கொண்டுபோனார். அவள் மறுபடி கூப்பிட்டாள். மறுபடி இரண்டு மினுக்கு. "இருக்கேன்மா, இருக்கேன், பேசு" என்றார். நான் பார்த்து முதல் தடவையாக மெதுவாகப் பேசினார்.

அதற்குப் பிறகு ஆட்டம் தொடங்கும் முன் அப்பாவும் மகளும் கேபினுக்கு வருவது வழக்கமாயிற்று. எப்போது பேசினாள், எப்போது பாடினாள், எப்போது சிரித்தாள் என்று கண்ணாடியைப் பார்த்தே சொல்வார். அவர் முதுகுக்குப் பின்னால் நின்று அவள் கூப்பிடுவாள், இரண்டு மினுக்கைக் கண்டதும் "இன்னாடி?" என்று திரும்புவார். அவளுக்கு அதுதான் விளையாட்டு. மேல்மலையனூர் அமாவாசைக்குப் போகிற ஜனம்கூட வண்டியை நிறுத்தி, செவிடனைக் கேட்கவைத்தவன் நீயா என்று என்னைப் பார்த்துவிட்டுப் போகும். "ஆமாம்" என்று அடக்கமாகச் சொல்வேன். அடக்கமாக என்பது என் அளவில்.

வால்வுக்கும் ஆயுசு உண்டு. ஒரு நாள் சுவிட்சைப் போட்டேன். அந்த வால்வில் கம்பி கனியவில்லை. மறுநாளே மெட்ராஸ் போனேன். இந்தத் தடவை கழிவுச் சாமான் இல்லை, அட்டைப்பெட்டி பிரிக்காத புது வால்வு. பொருத்திப் பார்த்தால், அடடா, சத்தம் வெண்கலம் மாதிரி! சவரிமுத்துவுக்கு ஆள் அனுப்பினேன்.

வந்தார். வால்வுக்கு எதிரே வழக்கமான இடத்தில் உட்கார்ந்தார். லூர்து ஹெட்போன் காதை எடுத்துக்கொண்டு அவர் முதுகுக்குப் பின்னால் போய் நின்றாள்.

"நைனா!"

குரல் குழாய் வழியாகப் போய் மலையில் முட்டி, "நைனா" என்று திரும்பி வந்தது. வெளியே வரிசையில் நின்றவர்கள் கைதட்டினார்கள். கண்ணாடிக்குள் கம்பி மட்டும் சிவப்பாக, சும்மா இருந்தது. நல்ல வால்வு. நீலம் இல்லாத வால்வு.

"நைனா! நைனா!"

மலை கூப்பிட்டுக்கொண்டே இருந்தது. அவர் முகத்தைக் கண்ணாடியோடு ஒட்டினாற்போல் வைத்துக்கொண்டு காத்திருந்தார். பிறகு என்னைப் பார்த்துக் கேட்டார்.

"கொழந்த ஏன் தம்பி பேச மாட்டேங்குது?"

நான் அவர் தோளுக்குப் பின்னால் கையைக் காட்டினேன். திரும்பினார். அவள் வாயை அகலத் திறந்து கத்திக்கொண்டிருந்தாள்.

அதன் பிறகு எத்தனையோ வால்வுகளை மாற்றிப் போட்டேன். ஒன்றிலும் அந்த நீலம் எழவில்லை. கொஞ்ச நாள் வந்தார்கள், பிறகு வரவில்லை. கோயில் திருவிழாவில் ஒரு தடவை பார்த்தேன். லூர்து அவரைக் கூப்பிடவில்லை; வேட்டியைப் பிடித்து இழுத்தாள். பழையபடி அவர் எல்லாரிடமும் கத்திப் பேசிக்கொண்டிருந்தார்.

கொட்டகை போயிற்று. இஞ்சின் போயிற்று. சவரிமுத்துவும் மண்ணுக்குள் போய்விட்டார். நான் கட்டின ஆம்பிளிஃபயர் எந்தப் பழைய இரும்புக் கடைக்குப் போனது என்று எனக்கே தெரியாது. ராஜகிரி மட்டும் அங்கேயே நிற்கிறது. அது கேட்டதை யாரிடம் போய்ச் சொல்லும்?

அந்த மண்டபத்துப் பெட்டியில் ஒரு சின்னப் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. கிதார்க்காரர் வந்து எடுத்து வாசித்தார். நான் அந்த விளக்கையே பார்த்துக்கொண்டு நின்றேன். வாசித்தபோதும் அப்படியேதான் எரிந்தது. நிறுத்தினபோதும் அப்படியேதான்.