அமைதிக்கு முதல் பரிசு

போன சனிக்கிழமை ஒரு பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்து எங்களுக்கு நாங்களே மார்க் போட்டுக்கொண்டோம்.

ஞாபகம் இருக்கிறதா? போன ஜூனில் இந்தப் பக்கத்தில் பெருமையடித்துக்கொண்டேனே... தாயில்பட்டிப் பக்கம் ஒரு நடுநிலைப் பள்ளி, பிரம்பை எடுத்து பீரோவுக்குள் வைத்துவிட்டார்கள், இனி அடி கிடையாது, நல்ல நடத்தைக்கு நட்சத்திரம் மட்டும்தான் என்று. யோசனை என்னுடையது என்பதையும் மறக்காமல் சேர்த்திருந்தேன். நீங்கள் எழுதிய பாராட்டுக் கடிதங்களை வீட்டில் இரண்டு முறை சத்தமாக வாசித்தேன். இரண்டாவது முறை என் மனைவி எழுந்து போய்விட்டாள்.

திட்டம் ரொம்ப எளிமை. இடத்தை விட்டு எழுந்திருக்காவிட்டால் ஒரு நட்சத்திரம். பக்கத்துப் பிள்ளையோடு பேசாவிட்டால் ஒன்று. எதிர்த்துப் பேசாவிட்டால் இன்னொன்று. சொன்ன வேலையைச் சொன்ன நேரத்தில் முடித்தால் அதற்கும் ஒன்று. வகுப்புக்கு வகுப்பு சுவரில் சார்ட் ஒட்டி, வாரா வாரம் ஸ்டிக்கர்.

வருஷக் கடைசியில் அதையெல்லாம் பார்த்து அறிக்கை எழுத வேண்டும். அதற்கென்று போட்ட குழு என்றால் தலைமையாசிரியையும் நானும்தான். டீச்சர் நல்ல மனுஷி. பிரம்பைத் தொடாமல் ஒரு வருஷத்தை ஓட்டியிருக்கிறார் — சாதாரண விஷயமா? சார்ட்டுகளை மேஜை முழுக்க விரித்தார்.

எட்டாம் வகுப்பு பாண்டிச்செல்விதான் பள்ளியிலேயே முதலிடம். அவள் பெயருக்கு நேரே ஒரு கட்டம்கூடக் காலியில்லை. ஆண்டு விழாவில் அவளுக்குச் சான்றிதழும் கொடுத்திருந்தோம். வாசகம் அடியேனுடையது: 'பொறுமை மிக்கவர். தேவையின்றிப் பேசாதவர். இருந்த இடத்தை விட்டு நகராமல், சொன்னதைத் தட்டாமல் செய்து முடிப்பவர்.' எழுதி முடித்துவிட்டு இரண்டு நாள் மிதப்பில் திரிந்தேன்.

பட்டியலில் கடைசி, அதே வகுப்பு முத்துலட்சுமி. சார்ட்டில் அவள் வரிசை வெறிச்சோடிக் கிடந்தது.

"வாய மூடினதே இல்ல சார். எதைச் சொன்னாலும் ஏன், எதுக்குன்னு ஒரு கேள்வி" என்றார் டீச்சர்.

"அது கிடக்கட்டும். பாண்டிச்செல்வி போட்டோ ஒண்ணு அறிக்கையில வைப்போம். ஒன்பதாவது எங்க சேர்றா?"

டீச்சர் சார்ட்டைச் சுருட்ட ஆரம்பித்தார். "கேக்கலாம்னு வீட்டுக்குப் போனேன் சார். பூட்டிக் கிடந்துச்சு. வெடி ஆபீஸுக்குப் போறதா பிள்ளைக சொல்றாக..."

வெளியூர் வாசகர்களுக்கு: எங்கள் பக்கம் பட்டாசுத் தொழிற்சாலையை 'ஆபீஸ்' என்றுதான் சொல்வோம். என்ன ஒரு கௌரவமான பெயர்!

மறுநாள் ஞாயிறு. ஆபீஸ் லீவு. இருவரும் அவள் வீட்டுக்குப் போனோம்.

"வாங்க டீச்சர், வாங்க சார். இம்புட்டு வெயில்ல வந்திருக்கீகளே" என்று பாண்டிச்செல்வியின் அம்மா பாயை விரித்தார். அவரும் ஆபீஸ் வேலைதான். நகக்கண்ணில் அலுமினியப் பவுடர் வெள்ளியாக ஒட்டியிருந்தது. நாங்கள் வாயைத் திறப்பதற்குள் அவரே ஆரம்பித்துவிட்டார்.

"உங்க புண்ணியம் சார். பிள்ளைக்கு வேலை கிடைச்சிருச்சு. பரீட்சை முடிஞ்ச மறுநாள்லருந்து போறா. நீங்க சர்ட்டிபிகேட்டு குடுத்தீகள்ல, அதைக் கொண்டுபோயிதான் போர்மேன்கிட்ட காமிச்சேன். வாசிச்சுப் பாத்துட்டு, 'இந்த மாதிரிப் பிள்ளையத்தான் தேடிக்கிட்டிருக்கோம், நாளைக்கே அனுப்பி வையி'ன்டுட்டாரு."

யோசித்துப் பாருங்கள்... வெடிமருந்து அடைக்கிற அறையில் வேறென்ன வேண்டும்? பேச்சு கூடாது. எழுந்து நடமாடக் கூடாது. பராக்குப் பார்த்தால் கை போகும், சமயத்தில் ஆளே போகும். போர்மேன் கேட்டிருந்தால் எப்படி எழுதியிருப்பேனோ, அப்படியே எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

"வயசு என்னம்மா ஆகுது?"

"பதினாலு முடிஞ்சிருச்சு சார்." இந்தக் கேள்விக்கு எங்கள் பக்கம் எல்லா வீட்டிலும் பதில் தயாராக இருக்கும்.

"வீட்டுலயும் இப்படித்தான் அமைதியா இருப்பாளா?"

"பேச எங்க சார் நேரம்? விடியக்காலம் நாலு மணிக்கெல்லாம் எந்திரிச்சு தீப்பெட்டிக்குப் பெட்டி ஒட்டிட்டுத்தான பள்ளிக்கூடம் வந்தா. அசந்துபோயி உக்காந்திருப்பா, பாவம்."

டீச்சர் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். வெயிலுக்குத்தான் துடைக்கிறார் என்று நான் நினைத்துக்கொண்டேன். ஒரு பிள்ளையின் அசதிக்கு வருஷம் முழுக்க ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறோம்.

இருந்தாலும் விடவில்லை. ஒன்பதாம் வகுப்பு, பஸ் பாஸ், ஹாஸ்டல்... எனக்குத் தெரிந்ததையெல்லாம் சொன்னேன். அந்த அம்மா பொறுமையாகக் கேட்டார்.

"அவ ஒரு வார்த்தை கேட்டிருந்தா யோசிச்சிருப்பேன் சார். ஆபீஸுக்குப் போறியாடின்னேன். சரிம்மான்டா. அந்த முத்துலச்சுமியும் இதே ஆபீஸுக்கு வர வேண்டியவதான். ரெண்டு நாளு சோறு திங்கலை, வீட்டுல ஒரே சண்டை. அவுகப்பன் அடிச்சும் பாத்தான், வாய மூடலையே! கடைசியில போய்த் தொலைன்னு ஒன்பதாவது சேக்க ஒத்துக்கிட்டான். எம்பிள்ளை அப்பிடி இல்ல சார். தங்கம்."

எங்கள் சார்ட்டில் நட்சத்திரமே இல்லாத முத்துலட்சுமி வரிசையின் ஓரத்தில் என்ன எழுதியிருந்தோம் தெரியுமா? 'முன்னேற்றம் தேவை.'

பாண்டிச்செல்வி கதவோரம் நின்றிருந்தாள். "உனக்குப் படிக்கணும்னு இல்லையாம்மா?" என்று கேட்டேன். அம்மாவைப் பார்த்தாள். டீச்சரைப் பார்த்தாள். பேசலாமா என்று அனுமதிக்குக் காத்திருக்கிறாள் என்பது எனக்குப் புரியவே கொஞ்ச நேரம் ஆனது. டீச்சர் தலையை அசைத்தார்.

"ஆபீஸ்லயும் பேசக் கூடாது சார். எனக்குப் பழக்கந்தான்."

அவ்வளவுதான் சொன்னாள். அதற்கு மேல் கேட்க எனக்கு யோக்கியதை இல்லை. இன்னொரு தடவை போய் அந்த அம்மாவின் கையைக் காலைப் பிடித்துப் பார்க்கத்தான் போகிறேன். ஆனால் பிள்ளையிடம் என்ன சொல்வேன்? அம்மாவை எதிர்த்துப் பேசு என்றா? பேசாமல் இருக்கத்தானே ஒரு வருஷம் பரிசு கொடுத்தோம்?

திரும்பி வந்து அறிக்கையை எடுத்தோம். கடைசிக் கேள்வி — 'திட்டம் எதிர்பார்த்த பலனைத் தந்ததா?' டீச்சர் பேனாவை என்னிடம் நீட்டினார். 'ஆம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பொய் இல்லையே.

திங்கட்கிழமை காலை கம்பெனி வேன் வந்து ஹாரன் அடித்திருக்கும். ஒரு வார்த்தை பேசாமல் ஏறியிருப்பாள்.