மூத்தவளின் ஒரு சொல்

என் மூத்த மகளுக்கு ஒரே ஒரு சொல்தான் வரும்: ஆமீன். பிறக்கும்போதே மூச்சுத் திணறிய பிள்ளை. நடக்கமாட்டாள், கையால் எடுத்துச் சாப்பிடமாட்டாள். தொழுகை முடிந்ததும் அவளை மடியில் சாய்த்துக்கொண்டு, கையேந்தி வாய்விட்டு துஆ கேட்பது என் வழக்கம். நான் மூச்சு வாங்க நிறுத்துகிற இடத்தில் அவள் ஆமீன் சொல்வாள். பாட்டுப் போட்டுக்கொண்டு பாணும் பணிஸும் விற்க வருகிற ஓட்டோவுக்கும் அதே ஆமீன்தான். அதைக் கேட்டு நாங்கள் சிரிக்காத நாள் இல்லை.

இப்போது அவளுக்கு இருபத்தாறு வயது. தூக்கிக் குளிப்பாட்ட என் இடுப்பு விடுவதில்லை. சுவர்க்கத்துப் பிள்ளை, நீங்கள் கொடுத்துவைத்தவர் என்று சொல்ல வரும் பெண்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அவர்களில் ஒருத்தியும் அவளுக்கு ஒரு வாய் சோறு ஊட்டியதில்லை.

எங்கள் ஊர்ப் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்குத்தான் சேரும். மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். மகள்களின் வாப்பா மௌத்தான பிறகு எனக்கிருந்த ஒரே நம்பிக்கை அதுதான். தில்லையடியில் உள்ள இந்த வீட்டை இளையவளுக்கு எழுதினால், எனக்குப் பிறகு மூத்தவளை, தன் ராத்தாவை, அவள் பார்ப்பாள்.

இளையவளுக்குச் சம்பந்தம் பேச மாப்பிள்ளையின் உம்மா வந்தார். நல்ல மனுசி. மூத்தவளின் தலையைத் தடவிக் கொடுத்தார், வாயில் வடிந்ததைத் தன் முந்தானையால் துடைத்தும் விட்டார். வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு, அவளுடைய அறை வாசலில் நின்று மெதுவாகக் கேட்டார்.

"உங்களுக்குப் பொறகு இந்தப் புள்ள எங்க போகும்?"

என்னோடுதான் என்று இளையவள் சொல்வாள் என அவள் முகத்தைப் பார்த்தேன். அவள் தேத்தண்ணிக் கோப்பைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள், நிமிரவில்லை. அவளைக் குறை சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை. விவரம் தெரிந்த நாளிலிருந்து ராத்தாவின் துணி கழுவி வளர்ந்த பிள்ளை.

"அல்லாஹ் ஒரு வழி காட்டுவான்," என்றேன். அந்தப் பதில் எல்லோருக்கும் வசதியாக இருந்தது. கல்யாணமும் முடிவானது.

அவர்கள் போன பிறகு அஸர் தொழுதேன். வழக்கம்போல மூத்தவளை மடியில் சாய்த்துக்கொண்டு கையேந்தினேன். யா அல்லாஹ், எனக்கு முந்தி இவளை எடுத்துக்கொள் என்று கேட்டேன். பெற்ற வாயால்தான் கேட்டேன். மூச்சு வாங்க நிறுத்தினேன்.

அவள் என் முகத்தைப் பார்த்துச் சிரித்தபடி ஆமீன் என்றாள்.