டோவி போடாத கல்

கேலர் ஓடைப் பக்கம் ஜூன் மாதம் கிளம்பிய வதந்தி இது: மாஷ்பர்ன் மாணிக்கச் சுரங்கத்தில், ஒஹாயோவிலிருந்து சுற்றுலா வந்த ஒரு சிறுமியின் சல்லடையில் கோழிமுட்டை அளவு மாணிக்கம் வந்து விழுந்ததாம். அது மலையில் விளைந்த கல் இல்லையாம். அங்கே வாளி நிரப்பும் டோவி ஷூலரின் கல்யாண மோதிரத்திலிருந்து கழன்று விழுந்ததாம்.

விசாரித்துப் பார்த்தால் முட்டையும் பொய், மோதிரமும் பொய். கல் மொச்சைக்கொட்டை அளவுதான். டோவியின் மோதிரத்தில் கல் என்று ஒன்று இருந்ததே கிடையாது. கல் வைத்த மோதிரத்துக்கும் வைக்காத மோதிரத்துக்கும் விலையில் இருந்த வித்தியாசத்தில் அவர் கணவர் ஹாய்ட் வண்டிக்கு இரண்டு டயர் வாங்கிவிட்டார். ஆனால் ஒரு விஷயத்தில் வதந்தி சரியான வாசலைத்தான் தட்டியது. எந்தக் கல் எந்த வாளிக்குள் எப்படி வந்தது என்று சொல்லக்கூடியவர் வட கரோலினாவின் இந்த மலை மாவட்டத்தில் டோவி ஒருவர்தான்.

தொழில் அப்படி. நெடுஞ்சாலையில் மூன்று மைலுக்கு ஒரு பலகை வைத்து லைல் மாஷ்பர்ன் ஆட்களை இழுப்பார். வருகிறவர்கள் பதினைந்து டாலர் கொடுத்து ஒரு வாளி மண் வாங்குவார்கள். தண்ணீர் ஓடும் நீளமான மரத்தொட்டி ஓரம் பெஞ்சில் உட்கார்ந்து சல்லடையில் அலசுவார்கள். சிவப்பாக ஒன்று தெரியும். பிள்ளைகள் கூவும், அப்பா படம் எடுப்பார், அம்மா இன்னொரு வாளி வாங்குவாள். பத்தொன்பது வருடத்தில் ஒருவர்கூட வெறுங்கையோடு போனதில்லை. எந்த மலைக்கும் அவ்வளவு தாராள மனசு கிடையாது. அந்த மனசு டோவிக்கு உண்டு, காலை ஆறு மணியிலிருந்து எட்டு மணி வரை, பின்பக்கத் தகரக் கொட்டகையில்.

வாளிக்கு ஏழு கார்னெட் என்ற மலிவுச் சிவப்புக்கல், மூன்று சந்திரகாந்தக்கல், ஒரு செவ்வந்திக்கல். ஐம்பது டாலர் குடும்ப வாளி என்றால் எல்லாம் இரண்டு பங்கு, கூடவே மாமியார் கண்ணில் படும்படியாக ஒரு பெரிய படிகம். கற்கள் சாக்கில் வரும். சாக்கின்மேல் ‘காங்கேயம், இந்தியா’ என்று அச்சடித்திருக்கும். அந்தப் பெயர் இதுவரை டோவியின் வாயில் நுழைந்ததில்லை. இருந்தாலும் ஞாயிற்றுக்கிழமை ஜெபத்தில் அந்த ஊர்க்காரர்களையும் ஒருமுறை சேர்த்துக்கொள்வார். தன் வீட்டு மளிகைக்கு அவர்களும் ஒரு காரணம் என்பது அவர் கணக்கு. ‘வாளிகளில் கற்கள் சேர்க்கப்பட்டுள்ளன’ என்ற அறிவிப்பும் இருக்கத்தான் செய்கிறது. குளிர்பான இயந்திரத்துக்குப் பின்னால், எறும்பு படிக்கும் அளவில்.

மண் மட்டும் உள்ளூர். லைலின் நிலத்தில் ஒரு காலத்தில் நிஜமாகவே சுரங்கம் இருந்தது. பஸ் நிறுத்த இடம் போதவில்லை என்று அவர் அப்பா அதை மூடித் தார் போட்டுவிட்டார். பழைய குவியலும் போன வருடம் தீர்ந்துபோனது. அதன்பிறகு மண் முழுக்க டோவி வீட்டுப் பின்மேட்டிலிருந்துதான் வருகிறது.

அந்த மேட்டைத்தான் ஹாய்ட் ஷூலர் பதினோரு வருடம் தோண்டினார். மாணிக்கம் இருக்கிறது என்று அவருக்கு ஒரு நம்பிக்கை. கிடைத்தவை: ஒரு கோவேறு கழுதை லாடம், இரண்டு மருந்து பாட்டில், ஒரு குடலிறக்கம். தேவாலயத்தில் அவருக்கு ‘மாணிக்க ஹாய்ட்’ என்று பேர் வைத்தார்கள். அவர் இறந்தபோது அடக்க ஆராதனையில் போதகர் பழக்கதோஷத்தில் அந்தப் பேரையே சொல்லிவிட, பின்வரிசையில் சிரிப்புச் சத்தம் கேட்டது. சிரித்தவர்கள் ஒன்பது பேர். யார் எந்த பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள் என்பது டோவிக்கு இன்றும் மனப்பாடம்.

ஆகவே, அந்தச் சிறுமியின் சல்லடையில் கல் மின்னியபோது டோவி கையிலிருந்த மண்வெட்டியைக் கீழே வைத்தார். பத்தொன்பது வருடத்தில் எந்தச் சாக்கிலும் மாணிக்கம் வந்ததில்லை. அவர் போடவில்லை. அப்படியென்றால் கல் மண்ணில் இருந்திருக்கிறது. மண் ஹாய்ட்டுடையது.

மறு வியாழக்கிழமை சிறுமியின் அப்பா திரும்பி வந்தார். டாக்டர் கெஸ்லர், பல் வைத்தியர். நகரத்து நகைக்கடைக்காரர் கல்லைப் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு பேசியிருக்கிறார். இந்த மலையில் பிறந்த கல் என்று எழுத்தில் இருந்தால் ஒரு விலை, இல்லாவிட்டால் வேறு விலை. குடும்பம் சனிக்கிழமை ஊருக்குக் கிளம்புகிறது. அதற்குள் வாளி நிரப்பியவரின் வாக்குமூலம் வேண்டும், நோட்டரி முத்திரையோடு.

லைல் அன்று மாலையே தட்டச்சு செய்து எடுத்துக்கொண்டு கொட்டகைக்கு வந்தார்.

“மிஸ் டோவி, ஒரே ஒரு கையெழுத்து. உங்களுக்குச் சிரமம் வேண்டாம்னு நானே அடிச்சு வச்சிட்டேன்.”

டோவி கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் படித்தார். “‘பழம்பெரும் மாஷ்பர்ன் மலையில் பிறந்த கல்’னு போட்டிருக்கே. உன் மலையில இப்ப பஸ்ஸைத் தவிர வேற என்னப்பா பொறக்குது?”

“எல்லாம் ஒரே மலைத்தொடர்தானே.”

“அப்ப உன் டிராக்டரை என் டிராக்டர்னு எழுதிக்கட்டுமா? ரெண்டும் ஒரே ரோட்லதானே ஓடுது.”

லைலுக்கு நாற்பத்தாறு வயது. எட்டு வயதில் பைபிள் வசனப் போட்டியில் உள்ளங்கையில் எழுதிவைத்துப் பரிசு வாங்கியபோது ஞாயிறு பள்ளி டீச்சராக இருந்தவர் டோவி. அன்றிலிருந்து அவர் முகத்தைப் பார்த்து லைலால் முழுப் பொய் சொல்ல முடிவதில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு கேட்டார்.

“சரி, என்னதான் எழுதணும்கறீங்க?”

“ஹாய்ட் ஷூலர் மேட்டுக் கல்லுன்னு எழுதணும். அவர் பேரு வரணும். பேரு இல்லேன்னா கையெழுத்தும் இல்ல.”

“அந்தாளுக்கு… அதாவது, போய்ச் சேர்ந்தவருக்கு, இப்ப பேரு எதுக்கு மிஸ் டோவி?”

“இருக்கிறப்ப வேற பேரு வச்சிட்டீங்கள்ல, அதுக்கு.”

ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்பே, பீன்ஸ் வேகிற நேரத்துக்குள், டோவி தானே ஒரு தாளில் எழுதி முடித்தார். மறுநாள் மதியம், தேவாலயச் சமையல்குழுவில் தன்னோடு இருக்கும் ரீபா கிப்ஸிடம் போனார். ரீபா வங்கியில் நோட்டரி. படித்துக்கொண்டே வந்தவள் பாதியில் தன் விரலிலிருந்த சந்திரகாந்த மோதிரத்தைப் பார்த்தாள்.

“ஏன்டி, இது நம்ம மலைக் கல்லுன்னு எங்க அத்தைக்கிட்டச் சொல்லியிருக்கேனே.”

“உங்க அத்தை கேட்டா நான் சொல்லலடி. நீ முத்திரையைப் போடு.”

ரீபா போட்டாள்.

சுரங்க அலுவலகத்தில் டாக்டர் கெஸ்லர் அந்தத் தாளை வாங்கி நின்றபடியே படித்தார். அதில் இருந்தது இவ்வளவுதான்:

‘நான், டோவி ஷூலர், பத்தொன்பது வருடமாக வாளி நிரப்புகிறேன். பதினைந்து டாலர் வாளியில் ஏழு கார்னெட், மூன்று சந்திரகாந்தக்கல், ஒரு செவ்வந்திக்கல் போடுவேன். எல்லாம் இந்தியாவிலிருந்து சாக்கில் வருபவை. சாக்கில் மாணிக்கம் வந்ததே இல்லை. ஆகையால் அந்தச் சிறுமி எடுத்த மாணிக்கத்தை நான் போடவில்லை. மண், என் கணவர் ஹாய்ட் ஷூலர் பதினோரு வருடம் தோண்டிய மேட்டு மண். அவர் இன்னும் நாலடி தோண்டியிருக்கலாம்.’

மாணிக்கம் என்ற வரிக்கு வருவதற்கு முன்பே டாக்டரின் முகம் வாடிவிட்டது.

“அப்ப எங்க மாமியார் கழுத்துல தொங்குற செவ்வந்திக்கல்லு?”

“இந்தியாங்க. ஆனா நல்ல கல்லு. நானே பார்த்துப் பொறுக்கிப் போட்டது.”

“மேடம், இந்த முதல் பாதியை மட்டும் எடுத்துடலாமே. எனக்குத் தேவை கடைசிப் பாதிதான்.”

“எடுத்துடலாம், எடுத்துடலாம்” என்றார் லைல். வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு வாடிக்கையாளரோடு அவருக்கு முழு ஒற்றுமை.

டோவி இருவரையும் மாறிமாறிப் பார்த்தார். “எடுத்துட்டா நான் போடலைன்னு எப்படிச் சொல்றது? போடுறவளுக்குத்தானே போடாதது தெரியும். முழுசா வேணும்னா கொண்டு போங்க. பாதி வேணும்னா லைல் அடிச்சது ஒண்ணு இருக்கு, அதுல என் கையெழுத்து மட்டும் இருக்காது.”

டாக்டர் கொஞ்ச நேரம் மாமியாரை நினைத்தார், கொஞ்ச நேரம் விலையை நினைத்தார். தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

ரீபா, பதிவுக்காக என்று ஒரு நகல் எடுத்திருந்தாள். பதிவு எப்படியோ அவள் தங்கை வேலை பார்க்கும் வாரப் பத்திரிகை வரைக்கும் நடந்து போய்விட்டது. புதன்கிழமை வாக்குமூலம் முழுசாக அச்சில் வந்தது, டோவி கண்ணை மூடிக்கொண்டிருக்கும் படத்தோடு. ஊரே இத்தனை வருடம் தெரிந்துவைத்திருந்த ரகசியத்தை முதல்முறை கேள்விப்பட்டதுபோல் அதிர்ந்தது. லைல் வியாழக்கிழமை படுத்துக்கொண்டார். வெள்ளிக்கிழமை எழுந்து, வேறு தொழில் பார்க்கலாம் என்று ஐஸ்கிரீம் இயந்திரம் என்ன விலை என்று விசாரித்தார்.

சனிக்கிழமை காலை கார் வரிசை தேவாலயத் திருப்பம் வரை நின்றது. எல்லோருக்கும் ஹாய்ட் ஷூலர் மேட்டு மண் வேண்டும், கலப்படம் இல்லாமல். லைல் அரை மணி நேரத்தில் குணமாகி, அசல் வாளிக்கு இருபத்தைந்து டாலர் என்று எழுதி மாட்டினார். கல் போடாத வாளிக்குப் பத்து டாலர் அதிகம். ஒருவரும் முணுமுணுக்கவில்லை.

முணுமுணுப்பு இரண்டு மணி நேரம் கழித்து வந்தது. ஜார்ஜியாவிலிருந்து வந்த ஒரு குடும்பம் நாலு அசல் வாளி அலசி, முழங்கை வரை செம்மண்ணும் ஒரு முதுகுப் பிடிப்பும் எடுத்திருந்தது. சின்னதுகள் இரண்டும் அழுதுகொண்டிருந்தன. தகப்பன் தயங்கித் தயங்கிக் கொட்டகைக்கு வந்தார்.

“மேடம், மண்ணு அசலாவே இருக்கட்டும். உள்ள மட்டும் கொஞ்சம், அந்த இந்தியாக் கல்லு…”

“போட்டா அசல் இல்லையேங்க.”

“நாங்க அந்தப் பக்கம் திரும்பி நின்னுக்கறோம்.”

டோவி போட்டார். இப்போது மூன்றாவதாக ஒரு வாளி உண்டு. அசல் மண், சாக்கில் வந்த கல், முப்பத்தைந்து டாலர். அதுதான் அதிகம் விற்கிறது. டாக்டர் என்ன விலைக்கு விற்றார் என்று யாருக்கும் தெரியாது. டோவி கேட்கவும் இல்லை.

நெடுஞ்சாலைப் பலகைகளில் இப்போது ‘ஹாய்ட் ஷூலர் மேடு’ என்று களஞ்சியக் கதவு அளவில் எழுதியிருக்கிறது. பின்வரிசையில் சிரித்த ஒன்பது பேரில் இருவர் காலமாகிவிட்டார்கள். ஆறு பேர், அங்கேதான் தோண்டவேண்டும் என்று ஹாய்ட்டுக்கு யோசனை சொன்னதே தாங்கள்தான் என்று சுற்றுலாக்காரர்களிடம் சொல்லிவருகிறார்கள். ஒருவர் ஹாய்ட் படம் போட்ட காபிக் குவளை விற்கிறார். படம் ஹாய்ட் மாதிரி இல்லை. டோவி ஒன்று வாங்கிக்கொண்டார்.

தீராமல் நிற்பது ஒன்றே ஒன்றுதான். முத்திரைக்கு ரீபா காசு வாங்கவில்லை. எட்டு அடுக்கு உலர் ஆப்பிள் கேக் ஒன்று செய்து தந்தால் போதும் என்றிருந்தாள். அக்டோபர் மூன்றாம் ஞாயிறு, தேவாலயப் படிக்கட்டில் அவள் டோவியை மறித்தாள்.

“என்னடி, என் கேக்கு?”

“ஆப்பிள் காயுதுடி.”

“ஜூன்லேர்ந்தா?”

“கொட்டகையில வேலை நெரிக்குது ரீபா. மூணு வகை வாளிக்கும் நான் ஒருத்திதானே. ஒரு நாலு அடுக்கு மட்டும் இப்ப வாங்கிக்கிறியா?”

ரீபா யோசித்துப் பார்த்துவிட்டு, எட்டுக்குக் குறைந்து ஒப்பமாட்டேன் என்று சொல்லிப் பாட்டுப்புத்தகத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.