மேட்டு வயலின் சொந்தக்காரி

எங்கள் பக்கத்தில் காணி பெண்பிள்ளைகளுக்குத்தான். ஆண்பிள்ளை உழுவான், விதைப்பான், வரம்பில் நின்று அதிகாரமும் பண்ணுவான். காணி உறுதிப் பத்திரத்தில் மட்டும் அவன் மனைவியின் பெயர் இருக்கும். அப்படி அம்மாவுக்குச் சீதனமாக வந்தவை இரண்டு வயல்கள். வாவிக்கரையில் கிடந்த வயலில் உப்பு ஏறி, நல்ல மழை பெய்த வருடத்திலும் அரைகுறையாகத்தான் விளையும். மற்றது வவுணதீவுக்கு அப்பால், காட்டோரத்து மேட்டு வயல். அது அக்காவுக்கு என்று அவள் பெரியபிள்ளையான நாளிலிருந்தே பேச்சு. எனக்கு எது என்று யாரும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை.

அக்காவுக்குக் கலியாணம் பேசியபோது நான் மூன்றாம் வகுப்பு. அந்த மேட்டு வயலைத்தான் தருவதாகச் சொன்னார்கள். மாப்பிள்ளை அயலூர்க்காரர், கமக்காரர், பேச்சுக் கொஞ்சம் குறைவு. வயலைப் பார்க்க வந்த அன்று வரம்பு ஒன்று உடைந்து கிடந்ததாம். யாரும் கேட்காமலே இறங்கி அதைக் கட்டிவிட்டு, சேற்றுக் காலோடு வீட்டுக்குப் போய்விட்டார். அதைக் கேள்விப்பட்ட அக்கா அன்று முழுக்கச் சிரித்துக்கொண்டே திரிந்தாள். கண்ணகி அம்மன் சடங்கு முடிந்த கையோடு கலியாணம் என்று முடிவாயிற்று.

அந்த நேரம் பார்த்துத்தான் கம்பனிக்காரர் வந்து சேர்ந்தார்கள். வயலுக்குப் பின்னாலிருந்த அரசாங்கக் காணியில் முட்கம்பி அடித்து, பெரிய இரும்புக் கோபுரம் ஒன்றை நிறுத்தி, பூமியைத் துளைக்கத் தொடங்கினார்கள். கீழே எண்ணெய் இருக்கிறதா என்று பார்க்கத்தான் அவர்கள் வந்தார்கள். இருக்கிறது என்று எங்கள் ஆட்களே முடிவு கட்டிவிட்டார்கள்.

அதன்பிறகு அந்த வயல் வட்டையில் காணி உள்ள அத்தனை பேருக்கும் மாலையானால் வேலிக்கரையில் நிற்பதுதான் தொழில். மோட்டார் சைக்கிள்களை வரம்போரம் விட்டுவிட்டுக் கோபுரத்தை அண்ணாந்து பார்த்தபடி நிற்பார்கள். உள்ளே ஒரு லொறி போனால் அதில் என்ன போகிறது என்று பெரிய வாதம் நடக்கும். காவற்காரர் சிங்களத்தில் எதையாவது முணுமுணுத்தால், அதற்கு ஆளுக்கொரு மொழிபெயர்ப்பு. பூமிக்கு அடியில் என்ன கிடந்தாலும் அது அரசாங்கத்துக்கே என்று கிராம சேவகர் சொல்லிப் பார்த்தார். தனக்கு இங்கே காணி இல்லாத பொறாமையில் பேசுகிறார் என்று அவரை ஒதுக்கிவிட்டார்கள். இந்தக் கூட்டத்துக்கெல்லாம் முன்னால் நின்றவர் மாமா, அம்மாவின் அண்ணன். அவர் வாய் திறக்காமல் எங்கள் வீட்டில் ஒரு காரியமும் நடக்காது.

ஒரு நாள் காலை மாமா ஒரு சோடாப் போத்தலோடு வந்தார். மேட்டு வயலின் மூலையில் தேங்கிய தண்ணீரை அள்ளி வந்திருந்தார். மேலே நீலமும் சிவப்புமாக ஒரு படலம் மினுங்கியது. அப்பா போத்தலை வெயிலில் பிடித்துப் பார்த்தார். அம்மா முந்தானையில் கையைத் துடைத்துவிட்டு வாங்கி மணந்து பார்த்தாள். எனக்கும் ஒரு முறை தந்தார்கள்.

“அது துருத்தண்ணிம்மா” என்றாள் அக்கா. “நாம களை புடுங்கக்குள்ள வருசா வருசம் கிடக்கிறதுதானே.”

உண்மைதான். நடக்கத் தொடங்கிய காலத்திலிருந்து நாங்கள் அத்தனை பேரும் அந்தப் படலத்தில் காலை வைத்து, கழுவி, மறந்து வந்தவர்கள். அந்த ஒரு வருடம் மட்டும் எல்லோருக்கும் ஆசை கண்ணை மறைத்துவிட்டது. சும்மா இரு புள்ள என்று மாமா அக்காவை அடக்கினார்.

பிறகு அம்மாவிடம் திரும்பினார். “மேட்டு வயல இப்ப எழுதிக் குடுத்தா, எண்ணெய் அவங்கட வீட்டுக்குத்தான் போகும். சின்னவள்ட பேர்ல எழுதி வை. அவளுக்குக் கலியாணம் வர எவ்வளவு காலம் கிடக்கு.”

அக்காவுக்கு வாவிக்கரை வயலைக் கொடுத்துவிடலாமாம். அப்பா ஏதோ சொல்ல வாயெடுத்தார். ஆனால் காணி அவருடையதல்ல. அம்மா அக்காவைப் பார்க்காமல் தலையாட்டினாள். நான் முற்றத்தில் குதித்தேன். மறுநாள் பள்ளிக்கூடத்தில் என் கூட்டாளிகளுக்கெல்லாம் ஆளுக்கொரு சைக்கிள் வாங்கித் தருவதாக வாக்குக் கொடுத்தேன்.

மாப்பிள்ளை வீட்டாரை அழைத்து விஷயத்தைச் சொன்னார்கள். மாப்பிள்ளையின் தாய் சத்தம் போடவில்லை.

“நாங்க எண்ணெய்க்கு வரல்ல. சொன்ன சொல்லுக்குத்தான் வந்த” என்று மட்டும் சொன்னார். வெற்றிலைத் தட்டத்தைத் தொடாமல் எல்லோரும் எழுந்து போனார்கள். எங்கே போகப்போகிறார்கள், திரும்பி வருவார்கள் என்றார் மாமா.

அவர்கள் வரவில்லை. சடங்குக்கு முன்பே கம்பனிக்காரர் கோபுரத்தைக் கழற்றி லொறிகளில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். எண்ணெய் இல்லை என்றோ, இருந்தது போதவில்லை என்றோ எங்களிடம் ஒருவரும் சொல்லவில்லை. சீமெந்து பூசி மூடிய ஒரு குழாய்த்துண்டு மட்டும் பற்றைச் செடிகளுக்குள் கிடந்தது. மேட்டு வயலையே தருகிறோம் என்று அம்மா அவசரமாக ஆள் அனுப்பினாள். அதற்குள் மாப்பிள்ளைக்குக் கொக்கட்டிச்சோலைப் பக்கம் கலியாணம் முடிந்துவிட்டது. பிறகு வந்த சம்பந்தங்கள் எல்லாம் முதல் சம்பந்தம் ஏன் முறிந்தது என்று விசாரித்தன. கொஞ்சக் காலத்தில் வருவதும் நின்றது.

மேட்டு வயல் எனக்குத்தான் சீதனமாக வந்தது. நான் கட்டிக்கொண்டது பள்ளிக்கூட வாத்தியாரை. அதனால் அந்த வயலை இன்றைக்கும் அக்காதான் செய்கிறாள். நெல்லில் பாதியை மூட்டை கட்டி எங்கள் வீட்டுக்கு அனுப்பிவைக்கிறாள். வேண்டாம் என்றால் கேட்கமாட்டாள். அந்த மூலையில் படலம் மினுங்குவதைக் காணும்போதெல்லாம் நான் வரம்பில் ஏறிச் சுற்றிப் போவேன். அவள் அதற்குள் காலை வைத்து நடந்து போவாள்.

மாப்பிள்ளை வீட்டார் எழுந்து போன அன்று பின்னேரம், அக்கா எனக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தாள். பாதி பின்னியதை அவிழ்த்தாள். சீவி, மறுபடி பின்னினாள். அதையும் அவிழ்த்தாள். அவளைச் சந்தோஷப்படுத்த நினைத்து, “எண்ணெய் வந்தா உனக்குப் பாதி தருவன் அக்கா” என்றேன்.

“ஓம்” என்றாள். அவள் கை என் தலையிலேயே நின்றுவிட்டது. பாதி போதவில்லை போலிருக்கிறது, அதுதான் கோபம் என்று எண்ணிக்கொண்டு, முழுவதையும் தந்துவிடுவதாகச் சொன்னேன்.